ஹோம் தியேட்டர் கணினிக்குப் படுக்கை கேபினெட்: 38 செ.மீ. ஆழமுள்ள அலமாரியில் எது அடங்கும்?

திரைமூலை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக டிவிக்குப் பக்கத்தில் ஒரு டவர் கேபினெட்டை நிறுத்தி வைத்து அதில்தான் படம் பார்க்கிறோம். கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, சத்தம்தான் தாங்கவில்லை. படத்தில் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்ளும் காட்சி வந்தால் போதும், ஃபேன் இரைச்சல் தனியாகக் கேட்கும், நடுநடுவே ஹார்ட் டிஸ்க் கொரகொரவென்று எதையோ தேடும். சத்தத்தைக் கூட்டி வைத்தால் அடுத்த காட்சியில் வெடி வெடித்து வீடே எழுந்துவிடுகிறது.

அதனால் டவரை எடுத்துவிட்டு, ஆடியோ ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) மாதிரிப் படுத்திருக்கும் ஹோம் தியேட்டர் கேபினெட் ஒன்றை வாங்கி, டிவி அலமாரிக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். கேபினெட் மட்டும்தான் புதிது. உள்ளே போகும் பொருட்கள் இப்போது இருப்பவைதான்: இன்டெல் ஐ5 8400 சிபியு, முழு அளவு ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 155 மி.மீ. உயரமான டவர் கூலர், 16 ஜிபி ராம், ஒரு சாட்டா எஸ்எஸ்டி, 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் மூன்று, கேபிள் கழற்ற முடியாத 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போர்டில் உள்ள எச்டிஎம்ஐயிலிருந்து ரிசீவருக்கும், ரிசீவரிலிருந்து டிவிக்கும் போகிறது. (புது 4கே டிவி வந்ததிலிருந்து மவுஸ் நகர்வது விட்டு விட்டு நகர்கிற மாதிரி இருக்கிறது. அது வேறு விஷயம், பிறகு பார்த்துக்கொள்கிறேன்.)

அலமாரியின் மேல் தட்டில் உள்ளளவு அகலம் 50 செ.மீ., உயரம் 20 செ.மீ., ஆழம் 38 செ.மீ. பின்பக்கம் பலகை அடித்திருக்கிறது, கேபிள் போவதற்கு ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கீழ்த் தட்டில் ரிசீவர். முன்பக்கம் கதவு இல்லை.

எந்தக் கேபினெட் வாங்கலாம்? ஃபேனே இல்லாத கேபினெட்டுகளைப் பற்றியும் படித்தேன், ஆசையாக இருக்கிறது. அது சரிப்படுமா? வாங்கிய பிறகு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும் நிலை வரக்கூடாது என்பதால்தான் முன்னாடியே கேட்கிறேன்.

---

மெதுவிசிறி எழுதியது:

அளவு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் முன்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேபினெட்டை வாங்கி, அப்புறம்தான் டேப்பை எடுப்பார்கள்.

முதலில் போர்டு. முழு ஏடிஎக்ஸ் என்றால் 305க்கு 244 மி.மீ. அது படுத்துக்கொண்டால் கேபினெட்டின் அகலமும் ஆழமும் ஓரளவுக்கு அதுவே முடிவாகிவிடும். ரிசீவர் மாதிரி இருக்கும் கேபினெட்டுகள் பெரும்பாலும் 430 முதல் 440 மி.மீ. அகலத்தில் வருவது ரிசீவர்களின் அகலமும் அதுதான் என்பதால். உங்கள் தட்டு 500. இருபுறமும் மூன்று மூன்று செ.மீ. கிடைக்கும். இதை வெறும் அழகுக்கான இடைவெளி என்று எண்ண வேண்டாம், இந்த வகைக் கேபினெட்டுகள் காற்றை இழுப்பதே பக்கவாட்டில்தான். அந்த மூன்று செ.மீட்டரில் டிவிடி, ரிமோட் என்று எதையும் செருகி வைக்காதீர்கள்.

முழு ஏடிஎக்ஸ் எடுக்கும் படுக்கை கேபினெட்டுகளில் எனக்கு நன்றாகப் பழக்கமானது சில்வர்ஸ்டோன் கிராண்டியா ஜிடி09. அகலம் 440, உயரம் 170, ஆழம் 358 மி.மீ. உயரத்தில் மூன்று செ.மீ. மிச்சம், சரி. சிக்கல் ஆழத்தில். 380 கழித்தல் 358 என்றால் பின்னால் வெறும் 22 மி.மீ. எச்டிஎம்ஐ பிளக்கின் தலையே கிட்டத்தட்ட நாலு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குப் பிறகுதான் கேபிள் வளையத் தொடங்கும். பவர் கார்டு இன்னும் மொத்தம். பலகையில் முட்டவைத்துத் தள்ளினால் போர்டில் உள்ள எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்குத்தான் அடி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் போர்டின் சாக்கெட் ஆடத் தொடங்கி, படம் வருவதும் போவதுமாக ஆகிவிட்டது.

சரி, மெல்லிய கேபினெட் வாங்கினால்? சில்வர்ஸ்டோன் எம்எல்03 105 மி.மீ. உயரம்தான், ஆனால் ஆழம் 340. அதிலும் பின்னால் 4 செ.மீ.தான் கிடைக்கும். மைக்ரோ ஏடிஎக்ஸ் (ஏடிஎக்ஸைவிடச் சின்ன போர்டு) வரைதான் எடுக்கும், கூலர் 70 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், கார்டும் அரை உயரக் கார்டுதான். ஃப்ராக்டல் நோட் 202 இன்னும் சின்னது, 377க்கு 330, உயரம் 82. அதற்கு மினி ஐடிஎக்ஸ் போர்டு, எஸ்எஃப்எக்ஸ் அளவு எஸ்எம்பிஎஸ், 56 மி.மீ. கூலர் எல்லாம் புதிதாக வேண்டும். கையில் இருப்பதை வைத்துக் கட்ட வேண்டும் என்பதுதானே உங்கள் எண்ணம். ஆக, கேபினெட்டைச் சுருக்குவதைவிட அலமாரியை மாற்றுவது எளிது. பின்பலகையை வெட்டுங்கள்.

முழுசாகக் கழற்றிவிடாதீர்கள். அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் நிற்பதே அந்தப் பலகையால்தான். சுற்றிலும் ஐந்தாறு செ.மீ. விளிம்பு விட்டு நடுவில் மட்டும் ஒரு செவ்வகம் எடுத்தால் போதும். கேபிளுக்கு இடமும் கிடைக்கும், சூடான காற்று வெளியேறவும் வழி உண்டாகும். சொல்லப்போனால் இரண்டாவதுதான் முக்கியம். மூடிய அலமாரிக்குள் எவ்வளவு நல்ல ஃபேன் போட்டாலும் அது வெளியே தள்ளிய சூட்டையே மறுபடி இழுக்கும். இழுக்க இழுக்க வேகம் கூடும், வேகம் கூடினால் சத்தம். நீங்கள் எந்தச் சத்தத்துக்குப் பயந்து இதைச் செய்கிறீர்களோ அதுவே திரும்ப வரும்.

கூலரை மாற்றியே ஆக வேண்டும். ஜிடி09இல் 138 மி.மீ. வரைதான். உங்களுடையது 155. நாக்டுவா என்எச்-யு9எஸ் 125 மி.மீ., என்எச்-டி9எல் 110 மி.மீ., இரண்டும் உங்கள் சாக்கெட்டில் உட்காரும். 65 வாட் சிபியுவுக்கு இவையே தாராளம்.

---

ஆறாம்நம்பர்ஸ்க்ரூ எழுதியது:

"அது வேறு விஷயம்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அது வேறு விஷயம் இல்லை. கேபினெட் தேர்வோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது, அதனால் இப்போதே பார்த்துவிடுங்கள்.

8400இல் இருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸ் தானாகத் தருவது எச்டிஎம்ஐ 1.4. அதில் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் போகும். 60 வேண்டுமென்றால் போர்டு தயாரித்தவர் அதற்கென்று தனியாக ஒரு மாற்றுச் சில்லு வைத்திருக்க வேண்டும், அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் அது இல்லை. மவுஸ் விட்டு விட்டு நகர்வதாகச் சொன்னதைப் பார்த்தால் உங்களுடையதும் 30இல்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். திரை அமைப்புகளில் புதுப்பிப்பு வேகம் எவ்வளவு என்று பாருங்கள், 30 என்று இருந்தால் இதுதான் காரணம். 24 பிரேம் சினிமா பார்க்கும்போது தெரியாது, மெனுவில் நகரும்போதும் விளையாட்டுப் போட்டி பார்க்கும்போதும் பளிச்சென்று தெரியும்.

சரிசெய்ய இரண்டு வழி. போர்டில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0 ஆக மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் போடலாம். செலவு குறைவு, ஆனால் எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் படம்) ஒழுங்காகப் போகுமா என்பது அடாப்டருக்கு அடாப்டர் மாறும். நான் இரண்டு அடாப்டர் மாற்றிப் பார்த்து அலுத்துப்போய்க் கார்டுக்கே வந்துவிட்டேன்.

இன்னொரு வழி கார்டு. அதனால்தான் கேபினெட்டோடு சம்பந்தம் என்றேன். எம்எல்03 மாதிரி மெல்லியதை வாங்கியிருந்தால் அரை உயரக் கார்டுக்குள்தான் தேட வேண்டியிருக்கும். ஜிடி09இல் முழு உயரக் கார்டே நிற்கும். படம் பார்க்க மட்டும் என்றால் ஃபேன் இல்லாத என்விடியா ஜிடி 1030 போதும், 30 வாட், எச்டிஎம்ஐ 2.0, 10 பிட் எச்இவிசி (4கே படங்களைச் சுருக்கும் முறை) எல்லாம் அதுவே பிரித்துக்கொடுக்கும். வாங்கும்போது ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதா என்று பாருங்கள், அதே பெயரில் டிடிஆர்4 போட்டதும் உண்டு, அது மெதுவானது. ஏவி1 (இன்னும் புதிய சுருக்க முறை) வீடியோவும் வேண்டும், பின்னாளுக்கும் ஆகட்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 3050இல் 6 ஜிபி வகை, தனிப் பவர் கேபிள் இல்லாமல் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும். ஆர்எக்ஸ் 6400ஐயும் யாராவது சொல்வார்கள். புதிய கார்டுதானே, ஏவி1 இருக்கும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், அதில் ஏவி1 பிரிக்கும் வசதி இல்லை.

---

இரவுப்படம் எழுதியது:

ஃபேன் இல்லாத கேபினெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் ஐந்து வருடமாக அப்படி ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஸ்ட்ரீகாம், எச்டிபிளெக்ஸ் போன்றவர்கள் செய்கிற இந்தக் கேபினெட்டுகளில் சிபியு மீது ஒரு செம்புக் கட்டி உட்காரும், அதிலிருந்து ஹீட்பைப்புகள் பக்கச் சுவருக்குப் போகும், அந்தக் கனமான அலுமினியச் சுவரே கூலர். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு படம் போட்டால் அறையில் கணினி இருப்பதே தெரியாது. அந்த அமைதிக்குப் பழகிவிட்டால் மறுபடி ஃபேன் பக்கம் போக மனசு வராது.

ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் கேபினெட் மூச்சு விடுவது முழுக்க முழுக்கச் சுற்றியுள்ள திறந்த காற்றில். என்னுடையது அலமாரியின் மேலே, தலைக்கு மேல் எதுவும் இல்லாமல் இருக்கிறது, அப்படியும் நீண்ட படம் முடியும்போது பக்கச் சுவரைத் தொட்டால் நன்றாகச் சுடும். அதைத் தட்டுக்குள் தள்ளி, மேலே மூன்று செ.மீ. மட்டும் விட்டு, கீழே ஒரு ரிசீவரையும் வைத்தால் கொதிக்கும். ரிசீவர் சும்மா இருந்தாலே சூடு கக்குகிற பொருள். தவிர, நீங்கள் முழு ஏடிஎக்ஸ் போர்டையும் மூன்று ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துக்கொண்டு அமைதியைத் தேடுகிறீர்கள்.

அங்கேதான் வருகிறேன். உங்கள் சத்தத்தில் பாதி ஃபேன் இல்லை, அந்த மூன்று டிஸ்க்தான். ஃபேன் சத்தம் ஒரே சீராக இருக்கும், கொஞ்ச நேரத்தில் காது மறந்துவிடும். டிஸ்க்கின் கொரகொரப்பு சீரில்லாமல் வருவதால் காது ஒவ்வொரு தடவையும் எழுந்துகொள்ளும். அதோடு டிஸ்க்கின் அதிர்வு திருகு வழியாகக் கேபினெட் தகட்டுக்குப் போய், தகட்டிலிருந்து அலமாரிப் பலகைக்குப் போய், பலகை முழுவதும் ஒரு மேளத்தோல் மாதிரி ஹூம் என்று முழங்கும். டவர் தரையில் நின்றபோது இல்லாத முழக்கம் அலமாரிக்குள் வைத்ததும் வரும். இது எனக்கே நடந்தது, கேபினெட்டைக் குறை சொல்லி ஒரு வாரம் ஓட்டினேன், டிஸ்க்கின் கேபிளைக் கழற்றியதும் அறை அமைதியாகிவிட்டது.

டிஸ்க்குகளை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாஸ் பெட்டியோ (நெட்வொர்க் வழியே கோப்பு தரும் டிஸ்க் பெட்டி), பழைய கணினி ஏதாவது இருந்தால் அதுவோ. நெட்வொர்க்கில் படம் திணறும் என்று பயப்பட வேண்டாம், யுஎச்டி புளூரே டிஸ்க்கிலேயே அதிகபட்ச வேகம் நொடிக்கு 128 மெகாபிட்தான், சாதாரண ஜிகாபிட் கேபிள் அதைப்போல ஏழு மடங்கு தாங்கும். வயர்லெஸ்ஸை நம்பாமல் கேபிளே இழுத்துவிடுங்கள். டிவிப் பக்கத்தில் எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும்.

---

திரைமூலை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. திரை அமைப்பைப் போய்ப் பார்த்தேன், 30 ஹெர்ட்ஸ் என்றுதான் இருக்கிறது! இத்தனை மாதமாக டிவியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று டிஸ்க்கின் கேபிளையும் நேற்று இரவு கழற்றிவிட்டு எஸ்எஸ்டியில் இருந்த ஒரு படத்தை ஓட்டிப் பார்த்தேன். இரவுப்படம் சொன்னது அப்படியே உண்மை. மிச்சம் இருப்பது ஃபேன் சத்தம் மட்டும், அதுவும் பொறுத்துக்கொள்ளும்படிதான் இருக்கிறது. உள்ளறையில் ஒரு பழைய கணினி சும்மா கிடக்கிறது, டிஸ்க்குகள் அங்கே போகும்.

ஜிடி09 என்று முடிவு செய்துவிட்டேன், பலகையையும் வெட்டப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். அம்மாவுக்கு மவுஸ், கீபோர்டு ஒத்துவராது, ஒரே ரிமோட்டில் எல்லாம் நடக்க வேண்டும். கணினி அலமாரிக்குள் போய்விட்டால் ரிமோட் வேலை செய்யுமா? இப்போதே வயர்லெஸ் கீபோர்டு சில சமயம் எழுத்துகளை முழுங்குகிறது. அடுத்தது, படுக்கை கேபினெட்டில் நான் இதுவரை எதுவும் கட்டியதில்லை. டவரைப் போலத்தானா, இல்லை கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

---

வடம்பிடி எழுதியது:

கீபோர்டு எழுத்து முழுங்குவதற்குக் காரணம் அநேகமாக டாங்கிள் (கீபோர்டின் சின்ன யுஎஸ்பி ரிசீவர்) செருகியிருக்கும் இடம். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் வெளியிடும் மின்காந்த இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழும், வயர்லெஸ் கீபோர்டும் அதே அலைவரிசைதான். இன்டெல்லே 2012இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. பின்பக்கம் நீல நிறப் போர்ட்டுக்குப் பக்கத்தில் டாங்கிள், அதற்கு முன்னால் ஒரு இரும்புப் பெட்டி, அதற்கும் முன்னால்தான் நீங்கள் என்றால் எழுத்து முழுங்காமல் என்ன செய்யும். ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைக் கொண்டுவந்து அலமாரியின் முன்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாதபடி அடிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். அதோடு தீர்ந்துவிடும்.

ரிமோட்டுக்கும் அதே உத்திதான். கணினியின் எச்டிஎம்ஐயில் சிஇசி (டிவி ரிமோட்டின் கட்டளையை எச்டிஎம்ஐ கேபிள் வழியே அனுப்பும் வசதி) பெரும்பாலும் வராது, கிராபிக்ஸ் கார்டுகள் அதைக் கொண்டுவருவதே இல்லை என்று சொல்லலாம். பல்ஸ்-எயிட் என்று நடுவில் செருகும் ஒரு அடாப்டர் இருக்கிறது, அது இருந்தால் டிவி ரிமோட்டே கணினியையும் இயக்கும். வாங்குவதாக இருந்தால் 4கே 60 அதன் வழியே போகுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அம்மாவுக்குச் செய்து கொடுத்தது இன்னும் எளியது: ஃப்ளர்க் என்கிற சின்ன யுஎஸ்பி அகச்சிவப்பு ரிசீவர். வீட்டில் இருக்கும் எந்த ரிமோட்டின் பொத்தானையும் அதற்குக் கற்றுக்கொடுக்கலாம், கணினிக்கு அது ஒரு கீபோர்டு மாதிரித்தான் தெரியும். கோடி என்கிற படம் பார்க்கும் மென்பொருளோடு கச்சிதமாகப் பொருந்தும்.

தூக்கத்திலிருந்து ரிமோட்டால் எழுப்ப வேண்டும் அல்லவா, அதற்குக் கணினி தூங்கும்போதும் அந்த யுஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரம் போக வேண்டும். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) இஆர்பி என்று ஒரு அமைப்பு இருக்கும், அது இயங்கிக்கொண்டிருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அணைத்து வையுங்கள்.

இன்னொன்று. முன்பக்கப் பவர் விளக்கு. சில கேபினெட்டில் நீல விளக்கு டிவிக்கு நேர் கீழே எரிந்து இருட்டில் கண்ணைக் குத்தும். போர்டில் அந்த விளக்கின் இரண்டு பின் வயரை மாட்டாமல் விட்டாலே போதும், டேப் எல்லாம் வேண்டாம்.

---

ஆறாம்நம்பர்ஸ்க்ரூ எழுதியது:

கட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி.

டவரில் பக்கச் சுவரைத் திறந்தால் எல்லாம் கைக்கெட்டும், பின்தட்டுக்கு அந்தப்பக்கம் கேபிளை ஒளிக்கலாம். படுக்கை கேபினெட்டில் அந்த மறுபக்கம் கிடையாது. எல்லாம் ஒரே அடுக்கில், ஒன்றின்மேல் ஒன்று. டிரைவ் மாட்டும் தாங்கி போர்டின் மேலே பாலம் மாதிரிக் குறுக்கே வந்து உட்காரும். அதனால் எதை முதலில் மாட்டுகிறோம் என்பதுதான் முழு வேலையும்.

கேபினெட் வந்ததும் உடனே மாட்டத் தொடங்காதீர்கள். போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, புதுக் கூலரையும் ராமையும் கார்டையும் மாட்டி, வெளியிலேயே ஒரு தடவை ஓடவிட்டுப் பயாஸ் திரை வருகிறதா பாருங்கள். உள்ளே போன பிறகு ஒரு ராமைக் கழற்றிப் போட வேண்டும் என்றால் பாலத்தையே கழற்ற வேண்டிவரும்.

பிறகு கேபினெட்டை வெறும் பெட்டியாக்குங்கள், தாங்கி, பாலம், மேல்மூடி எல்லாம் வெளியே. போர்டை நிறுத்தும் பித்தளைக் கால்களை எண்ணுங்கள். உங்கள் போர்டில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதோ அங்கே மட்டும் கால் இருக்க வேண்டும், ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றால் அது போர்டின் அடியில் எதையாவது தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். பின்பக்கத் தகட்டை, அதாவது போர்ட்டுகளுக்கு ஓட்டை போட்ட அந்த மெல்லிய தகட்டை, போர்டுக்கு முன்னாடியே அழுத்தி உட்காரவையுங்கள். இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி பிரித்தவர்கள் ஏராளம்.

போர்டு உட்கார்ந்ததும் முதல் வேலை கேபிள்கள்: சிபியுவுக்குப் போகும் 8 பின், முன்பக்கப் பொத்தான்களின் சின்னச் சின்ன பின்கள், முன்பக்க யுஎஸ்பி 3.0க்கான அந்த மொத்தமான 19 பின் கேபிள். இந்தக் கடைசிக் கேபிள் முரட்டுத்தனமானது, வளையாது, பிடித்து இழுத்தால் போர்டில் உள்ள பின் ஊசிகளே வளைந்துவிடும். அதை நேராகச் செருகி, பிறகு மெதுவாகப் படியவையுங்கள். இவை முடிந்த பிறகுதான் எஸ்எம்பிஎஸ். உங்களுடையது கேபிள் கழற்ற முடியாதது என்பதால் உபயோகிக்காத கேபிள் கத்தையாக மிஞ்சும். டிஸ்க்குகளும் வேறு அறைக்குப் போய்விட்டதால் டிரைவ் இடம் காலியாகத்தானே இருக்கும், அங்கே சுருட்டி வையுங்கள். ஃபேன் முன்னால் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சாட்டா கேபிளில் தலை நேராக இருப்பது, எல் வடிவில் இருப்பது என்று இரண்டு உண்டு. பாலத்துக்கு அடியில் நேரானது முட்டும், சில இடத்தில் எல் வடிவமும் பக்கத்துப் போர்ட்டை மறைக்கும். இரண்டிலும் ஒவ்வொன்று கையில் இருப்பது நல்லது.

---

மெதுவிசிறி எழுதியது:

ஃபேன் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். பக்கவாட்டில் இருக்கும் 120 மி.மீ. ஃபேன்களை உள்ளே இழுக்கும்படி வையுங்கள், பின்னால் தனியாக வெளியே தள்ளும் ஃபேன் எதுவும் வேண்டாம். உள்ளே வரும் காற்று வெளியே தள்ளப்படுவதைவிட அதிகமாக இருந்தால் பெட்டிக்குள் லேசான அழுத்தம் இருக்கும், சந்து பொந்து வழியே காற்று வெளியேதான் போகுமே தவிரத் தூசி உள்ளே வராது. வரும் காற்றெல்லாம் ஃபில்டர் வழியாகத்தான் வரும், அதைக் கழுவினால் போதும். ஃபேன் இல்லாத கார்டு வாங்கினால் அது அந்தப் பக்க ஃபேனின் காற்று படும் ஸ்லாட்டில் இருக்கட்டும்.

வேகத்தைப் பயாஸில் 600, 700 ஆர்பிஎம்மில் நிறுத்திவிடுங்கள், சிபியு 65 டிகிரி தொடும்வரை அசையவே கூடாது. ஏறி இறங்கும் சத்தம்தான் தொந்தரவு, சீரான சத்தம் இல்லை. படத்தைப் பிரிக்கும் வேலையைக் கார்டு பார்த்துக்கொள்வதால் சிபியு கிட்டத்தட்டச் சும்மாதான் இருக்கும், அதனால் பயாஸில் சிபியுவின் மின் அளவை 45 வாட் என்று கட்டிப்போட்டாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. கேபினெட்டின் கால்களுக்கு அடியில் மெத்தென்ற ரப்பர் துண்டு நாலு.

---

திரைமூலை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முடித்துவிட்டேன்!

பலகையில் 38க்கு 12 செ.மீ. செவ்வகம் வெட்டினேன், சுற்றிலும் விளிம்பு விட்டதால் அலமாரி கொஞ்சமும் ஆடவில்லை. ஜிடி09 உள்ளே போனது, பிளக்குகள் எல்லாம் பலகையின் ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டு சுவர் பக்கம் சுதந்திரமாக இருக்கின்றன. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே எட்டு செ.மீ. விட்டேன். கூலர் என்எச்-யு9எஸ், கார்டு ஃபேன் இல்லாத ஜிடி 1030.

கட்டும்போது மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில். சிபியுவின் 8 பின் கேபிள் எட்டவில்லை. டவரில் நேர் வழியில் போனது இங்கே கார்டையும் கூலரையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது, நாலு விரல் அகலம் குறைந்தது. ஒரு நாள் முழுக்க வேலை நின்றுபோனது. நீட்டிப்புக் கேபிள் ஒன்று வாங்கிப் போட்டேன். இனி யாராவது பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வைத்து இதே மாதிரிக் கட்டினால், கேபினெட் ஆர்டர் போடும்போதே அந்தக் கேபிளின் நீளத்தை அளந்துவிடுங்கள்.

டிவி 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, மவுஸ் வழுக்கிக்கொண்டு போகிறது. டாங்கிளும் ஃப்ளர்க்கும் முன்விளிம்புக்கு அடியில் ஒட்டியாயிற்று, கீபோர்டு ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. ரிமோட்டில் பவர் பொத்தானை அழுத்தினால் கணினி எழுந்து கோடி வந்து நிற்கிறது, அம்மா யாரையும் கூப்பிடாமல் தானே படம் போட்டுக்கொள்கிறார். இரண்டரை மணி நேரப் படம் முடிந்ததும் பார்த்தேன், சிபியு 49 டிகிரி, ஃபேன்கள் 650இலேயே நிற்கின்றன.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ரிசீவரும் கணினியும் ஒன்றாக ஓடினால் நடுத்தட்டுப் பலகை லேசாகச் சூடாகிறது. இரண்டையும் இடம் மாற்றிக் கணினியைக் கீழே வைக்கலாமா?

---

மெதுவிசிறி எழுதியது:

மாற்றுங்கள், முடிந்தால் இந்த வாரமே. சூடு மேலே போகும், அதனால் அதிகம் சூடாகும் பொருள்தான் மேலே இருக்க வேண்டும். ஆனால் கீழ்த் தட்டின் பின்பலகையையும் அதே மாதிரி வெட்டிய பிறகுதான். ரிசீவரின் மேல்மூடிக்கு மேலே எவ்வளவு இடம் விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும், மேல் தட்டின் 20 செ.மீ. உயரத்தில் அது கிடைக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள்.